கொங்காணிப் பெண்ணுக்கு ஒரு வரி

உ

கீழச்செம்மங்கரை
14.11.2024

அன்புள்ள பாய்க்கு,

குந்தவை எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீங்களும் சபிஹா அக்காவும் ஷமீராக் குட்டியுமாவது நலமாக இருங்கள்.

திங்கட்கிழமை ஸ்கூல் வேன் குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் ஊர்ப் பிள்ளை வாய்க்காலில் கவிழ்ந்ததை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். "யாரோ ஒரு பெண் கையை நீட்டினாள், வாய்க்கால் அப்படியே நின்றது" என்று டிரைவர் பேட்டி கொடுத்தாராம். நான்தான். பதினோரு பிள்ளைகளும் சேற்றில் நடந்தே கரை ஏறிவிட்டார்கள். ஒரு பொடியன் திரும்பிப் போய்த் தன் டிபன் பாக்ஸை வேறு எடுத்துக்கொண்டு வந்தான். எனக்கு வந்த கோபத்தில் அவன் மேல் தண்ணீரை விட்டுவிடலாமா என்று தோன்றியது!

நீங்கள் வாங்கித் தந்த ஆரஞ்சு ரெயின்கோட்டைப் போடவில்லை. கோபிக்க வேண்டாம். அதைப் போட்டால் கும்பகோணத்திலிருந்தே தெரியும். எங்கள் பக்கம் மழை என்றால் யூரியா சாக்கை மடித்துத் தலையோடு கொங்காணி போட்டுக்கொள்வோம். கொங்காணிக்குள் இருப்பது யார் என்று பெற்றவளுக்கே தெரியாது. நானும் அதைத்தான் போட்டுக்கொண்டேன். இப்போது ஊரில் என் பெயர் "கொங்காணிப் பொண்ணு". அப்பாவே டீக்கடையில், "அந்தப் புள்ள வயிறு குளிரணும்யா" என்று சொன்னாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இனி உண்மையைச் சொல்கிறேன். நாற்றங்காலுக்குத் தண்ணி கட்ட அப்பாவோடு போன அன்றுதானே இது ஆரம்பித்தது? ஜூலைக் கடைசியில், நுரையும் சருகுமாக வந்த முதல் தண்ணீர் என் காலைத் தாண்டாமல் நின்றதே, அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'வா' என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ஒன்றும் ஆவதில்லை. 'நில்' என்றால்தான் ஆகிறது. திங்கட்கிழமை ஏழு நிமிஷம் நிறுத்தினேன். அதிலிருந்து மூன்று நாளாக ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. உள்ளே போனது அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் போட்டார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுகிறது, கைக்குள் ஏற மாட்டேன் என்கிறது. நர்ஸ் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, ஊசி மேல் பழியைப் போட்டார். இன்று காலையில்தான் அரை டம்ளர் இறங்கியது. உதடெல்லாம் சித்திரை மாத வயல் மாதிரி வெடித்திருக்கிறது.

பயமாக இருக்கிறது, பாய். உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? நான் தொட்ட போனுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்துவிடுவதால் பேசவும் வழியில்லை. மினிபஸ் ரெத்தினம் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். "லவ் லெட்டர் கொடுக்க டவுன்ல வேற ஆளே கெடைக்கலயா, நாப்பத்தஞ்சு வயசு பாய்தான் கெடைச்சாரா?" என்று கேட்கிறார். ரிப்பேர் விஷயம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதானே.

உங்கள்
குந்தவை


786

வலங்கைமான்
15.11.2024

அன்புப் பிள்ளை குந்தவைக்கு,

அல்லா பிச்சை எழுதிக்கொண்டது. உன் கடிதம் ஒன்றரை மணி பஸ்ஸில் கிடைத்தது. படித்ததும் கடையைக் கட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லாவுக்கு இன்று லீவு.

ஏழு நிமிஷமா? உன்னிடம் மூன்று நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று தலையில் அடித்துச் சொன்னேனா இல்லையா? தோஹாவில் பன்னிரண்டு வருஷம் சேஃப்டி ஹெல்ப்பராக இருந்தவன் நான். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து முதலில் சொல்லச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: முதலில் உன் உயிர், அப்புறம் அடுத்தவன் உயிர். செத்தவன் யாரையும் காப்பாற்றியதில்லை. நீ என்னடாவென்றால் டிபன் பாக்ஸுக்கு எல்லாம் காத்துக்கொண்டு நிற்கிறாய்!

உனக்குப் போய் நான் வாத்தியாராக வந்தேனே, அதை நினைத்தால்தான் வேதனை. கடற்கரை ஊரில் பிறந்தும் முழங்கால் தண்ணீரில் இறங்கத் தெரியாதவன். தண்ணீர் பட்ட போன்களைத் துடைத்து வயிறு வளர்ப்பவன். நீ மூன்றாவது முறையாக நனைந்த போனோடு வந்து நின்று, "பாய், இது நான் தொட்டாலே இப்படி ஆவுது" என்று சொன்னபோது, சிரித்து அனுப்பியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். அதிகப்பிரசங்கித்தனமாக உன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். டம்ளரைக் கவிழ்த்தாய், தண்ணீர் விழவில்லை. அன்றைக்கு மாட்டினவன்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு நாள் தாகம். ஏழு நிமிஷத்துக்கு மூன்று நாள். அரை மணி நேரம் என்றால் நீ இருக்க மாட்டாய். இது வாய்க்காலுக்கு. ஆறு என்றால் கணக்கே வேண்டாம். ஆகவே எழுதி வைக்கிறேன், சுவரில் ஒட்டிக்கொள்: என்ன நடந்தாலும், யார் உன் காலில் விழுந்தாலும், நானே வந்து சொன்னாலும், நீ ஆற்றை நிறுத்தக் கூடாது.

இளநீர் இறங்குகிறதா என்று பார். பள்ளிக்கூடத்தை விடாதே. ரெயின்கோட் ஆயிரத்து இருநூறு ரூபாய். சாக்கைப் போட்டுக்கொண்டு திரிகிறாளாம்!

துஆவுடன்
அல்லா பிச்சை


உ

கீழச்செம்மங்கரை
28.11.2024

அன்புள்ள பாய்க்கு,

குந்தவை. உடம்பு தேறிவிட்டது, இரண்டு சொம்பு குடிக்கிறேன். போதுமா?

ஆறு நாளாக மழை விடவில்லை. பள்ளிக்கூடம் லீவு. நேற்று எங்கள் தெருக் கோடியில் ஷஹ்பாஸ் அண்ணனின் ஆட்டுக்கொட்டகைப் பக்கம் வாய்க்கால் புரண்டது. இரண்டே நிமிஷம்தான் நிறுத்தினேன், கடிகாரம் பார்த்துக்கொண்டே. இருபத்தாறு ஆடும் மேடேறிவிட்டது. அவர் மனைவி மெஹராஜ் அக்கா கொங்காணியோடு என்னைக் கட்டிப்பிடித்து, "யாரு பெத்த மவளோ நீ, மூஞ்சியக் காட்டு தாயி" என்று அழுதார்கள். நான் ஓடி வந்துவிட்டேன். இப்படியெல்லாம் அழ வைத்தால் நான் எப்படி பாய் சும்மா இருப்பது?

வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இந்த முறை ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், சம்பா போட்டிருக்கிறார். போன வருஷம் காய்ந்தது, அதற்கு முந்தின வருஷம் அறுப்பு நேரத்தில் மழை. இந்த வருஷம்தான் பயிர் பயிராக நிற்கிறது. இன்னும் பதினைந்து நாளில் கதிர் உள்ளே திரண்டு பொதி கட்டும். அப்பா காலையில் வரப்பில் உட்கார்ந்து தூரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். என்னைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நான் ஆளா இருக்க மாட்டேன் மங்களம்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. சும்மா பேச்சுக்குச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

மேலே எல்லா அணையிலும் திறந்துவிடப் போகிறார்களாம். குடமுருட்டியில் தண்ணீர் சிவந்து போய் வருகிறது. நான் கரையில் நின்றால் அது என்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ரொம்பப் பெரியது, பாய். நான் சின்னவள்.

உங்கள்
குந்தவை


786

வலங்கைமான்
29.11.2024

அன்புப் பிள்ளை குந்தவைக்கு,

அல்லா பிச்சை. இங்கும் மழைதான். கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது, ஊரிலுள்ள போன் எல்லாம் நனைந்து வருகிறது. வெட்கமாக இருக்கிறது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

எங்கள் ஆற்றங்கரைத் தெருவை நீ பார்த்திருக்கிறாய். ஆற்றின் கரை எங்கள் மொட்டை மாடி உயரம். கரைக்கு இந்தப் பக்கம், பள்ளத்தில் நாங்கள் இருநூறு வீடு. நேற்று கரையில் கசிவு கண்டு மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சபிஹா, ஷமீராவின் பள்ளிக்கூடப் பையில் ரேஷன் கார்டையும் பிறப்புச் சான்றிதழையும் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். பிள்ளைக்குச் சொல்லவில்லை. அது, "வாப்பா, வெள்ளம் வந்தா கொங்காணி அக்கா வருவாங்கல்ல?" என்று கேட்கிறது. சாக்குத் தலையோடு உன் படம் ஒன்று வரைந்து பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. உனக்கு மீசை மாதிரி என்னவோ போட்டிருக்கிறாள். முடி என்கிறாள்.

நான் கோழை, குந்தவை. ராத்திரியில் கரைப் பக்கம் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆனாலும் திரும்பச் சொல்கிறேன்: ஆற்றின் கிட்டே போகாதே. எங்களைப் பார்த்துக்கொள்ள மாடி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, படகு இருக்கிறது. உனக்கு ஒரு உயிர்தான் இருக்கிறது. நான் கோழையாக இருந்தாலும் இந்த ஒரு சொல்லில் நிற்பேன்.

துஆவுடன்
அல்லா பிச்சை


கீழச்செம்மங்கரை மதகடி
12.12.2024, காலை 10.45

பாய்,

நலம் கேட்க நேரமில்லை. மதகு மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆற்றில் இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. உங்கள் டவுன் கரை எந்த நேரமும் உடையும் என்று மைக் வைத்துக் கத்துகிறார்கள். உங்கள் தெருவுக்குப் போகும் பாலம் முங்கிவிட்டது, யாரும் வெளியே வர முடியவில்லை என்று ரெத்தினம் அண்ணன் சொல்கிறார். ஷமீரா மாடியில்தானே இருக்கிறாள்?

என்னால் இரண்டு செய்ய முடியும். ஒன்று, டவுனுக்கு வருமுன் இங்கேயே ஆற்றைப் பிடித்து வைப்பது. மேலே அடைக்கும் வரை, இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ. அப்படிச் செய்தால் வயலும் தப்பும், டவுனும் தப்பும். என் கதை உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, மதகு வழியாக ஆற்றை எங்கள் வயல் பக்கம் கூப்பிடுவது. எனக்கு ஒன்றும் ஆகாது, டவுன் கரை பிழைக்கும். ஆனால் முந்நூறு ஏக்கர் பொதிப் பயிரும் சேற்றுக்குள் போகும். அப்பாவுடையதும்தான்.

சும்மா நின்றால் உங்கள் தெரு போகும்.

அப்பா அந்தப் பக்கம் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்க முடியாது. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன். ஒரு வரி போதும். ரெத்தினம் அண்ணன் பைக்கை அணைக்காமல் நிற்கிறார்.

குந்தவை


வலங்கைமான்
12.12.2024, 11.30

தண்ணியைக் கட்டு. யோசிக்காதே.

அல்லா பிச்சை


கீழச்செம்மங்கரை
14.12.2024

பாய்,

நீங்கள் சொன்னபடி கட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு உங்கள் சீட்டு வந்தது. மதகுக்கு நேரே நின்று 'வா' என்றேன். இரண்டு கதவையும் பிய்த்துக்கொண்டு வந்தது. வாய்க்கால் கரை தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, கால் மணி நேரத்தில் முந்நூறு ஏக்கரும் ஒரே தண்ணீர். உங்கள் டவுனில் ஆறு ஒன்றரை அடி இறங்கியதாம். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு படி கூட நனையவில்லையாம். சந்தோஷம்.

அப்பா ஓடி வந்தார். கொங்காணி போட்ட ஒருத்தி மதகடியில் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நான் சாக்கை ஆற்றில் விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அழவில்லை. வயலில் இறங்கினார், இடுப்பளவு தண்ணீர். குனிந்து அடியிலிருந்து மண்ணை இரண்டு கையாலும் வாரினார். கிழக்கே பார்த்துத் தூற்றினார்.

"எவ கையால தண்ணி வந்துச்சோ, அவ தண்ணிக்குத் தவிக்கணும். அவ தொண்டையில ஒரு சொட்டு எறங்கக் கூடாது. இது என் வயிறு எரிஞ்சு சொல்றது."

"யாரு பெத்த புள்ளயோ, வேணாங்க, வேணாங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மண் என் காலடியில் வந்து விழுந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. நான் 'நில்' என்று சொல்லவே இல்லை, பாய். 'வா' என்றுதான் சொன்னேன். 'வா' என்றால் எனக்கு ஒன்றும் ஆகாதே! இது ஆற்றால் வந்த தாகம் இல்லை. அப்பாவால் வந்தது. இளநீர் இல்லை, கஞ்சி இல்லை, நாக்கை நனைத்தாலே குமட்டுகிறது. இன்று மூன்றாவது நாள். எழுதும்போதே எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. எனக்கு என்ன நோய் என்று அம்மாவுக்குப் புரியவில்லை, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள். அப்பா என் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் ஊற்றிப் பார்க்கிறார். தான் சபித்தது என்னைத்தான் என்று தெரியாமல், "எறங்கு தாயி, எறங்கு தாயி" என்கிறார்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. முந்நூறு ஏக்கர் போகும் என்று தெரிந்துதான் கட்டச் சொன்னீர்களா? அப்படியென்றால் அது உங்கள் முடிவு. நான் உங்கள் சொல்லைச் செய்த கை மட்டும்தான், சாபம் எனக்கில்லை. அல்லது, அவசரத்தில் நீங்கள் எழுதியது வேறு, நான் புரிந்துகொண்டது வேறா? அப்படியென்றால் என் அப்பா சோற்றை நானே, என் புத்தி கெட்டு அழித்திருக்கிறேன். அந்த மண் என் காலடியில் விழுந்ததே சரிதான். அதற்கப்புறம் நான் தண்ணீர் கேட்க மாட்டேன்.

உண்மையை எழுதுங்கள்.

குந்தவை


786

வலங்கைமான்
15.12.2024, காலை

என் பிள்ளை குந்தவைக்கு,

உண்மையைக் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

நான் உன்னை ஆற்றை நிறுத்தச் சொன்னேன்.

தண்ணியைக் கட்டு என்று எழுதினேன். எங்களுக்குக் கடையைக் கட்டு என்றால் கடையை மூடு. கல்லாவைக் கட்டு என்றால் கல்லாவை மூடு. தண்ணியைக் கட்டு என்றால் தண்ணீரை மூடு, தடு, அப்படியே நிறுத்து என்றுதான் என் புத்திக்குத் தெரியும். வயலுக்குப் பாய்ச்சுவதைத்தான் நீங்கள் தண்ணி கட்டுவது என்பீர்கள் என்று, நேற்று உன் கடிதத்தைப் படித்துப் புரியாமல் பக்கத்து உரக்கடையில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணி கட்ட அப்பாவோடு போனேன் என்று நீ முன்பு எழுதியபோது, ஏதோ அணை போடப் போனீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷம் இந்த நெல் ஊரில் கடை வைத்திருக்கிறேன், ஒரு நாள் வயலைப் போய்ப் பார்த்ததில்லை.

அது வெறும் சொல் தப்பு. இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன் சீட்டை வாங்கியபோது நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் கடையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாடியில் சபிஹாவும் ஷமீராவும் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஷமீரா கையை ஆட்டினாள். "என் கதை உங்களுக்குத் தெரியும்" என்று நீ எழுதியிருந்த வரியை நான் படித்தேன். அது என்ன வரி என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுக் கொடுத்தவனே நான்தானே. தெரிந்தேதான் எழுதினேன். என் மகளுக்காக உன்னைச் சாகச் சொன்னேன், குந்தவை. யோசிக்காதே என்றும் எழுதினேன். நீ யோசித்தால் மறுத்துவிடுவாயோ என்று பயம்.

நீ விவசாயி மகளாக இருந்ததால் பிழைத்தாய். என் சொல்லை என் அர்த்தத்தில் படித்திருந்தால் இன்றைக்கு உன் அப்பா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். உன்னைக் காப்பாற்றியது நானும் இல்லை, உன் சக்தியும் இல்லை. அந்த ஒரு சொல்தான்.

உன் கடிதத்தின் கடைசியை இதோடு பத்துத் தடவை படித்துவிட்டேன். "அதற்கப்புறம் நான் தண்ணீர் கேட்க மாட்டேன்." நான் உண்மையைச் சொன்னால் உனக்கு என்ன மிஞ்சும்? நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்பதுதான் மிஞ்சும். அது தப்பே இல்லை என்று நான் ஆயிரம் எழுதினாலும் நீ கேட்க மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நேற்றோடு மூன்று நாள். இன்று நான்கு.

பஸ் வந்துவிட்டது. ரெத்தினம் ஹாரன் அடிக்கிறான். இதை நான் கொடுக்கப் போவதில்லை. மேஜை டிராயரில் போட்டுவிட்டு வேறு ஒன்று எழுதுகிறேன். அவன் இரண்டு நிமிஷம் நிற்கட்டும்.


வலங்கைமான்
15.12.2024

குந்தவைக்கு,

உண்மையைக் கேட்டாய். நீ சரியாகத்தான் புரிந்துகொண்டாய். நான் எழுதியதும் அதுதான், நினைத்ததும் அதுதான். நெல் ஊரில் ஆறு வருஷமாகக் கடை வைத்திருப்பவனுக்குத் தண்ணி கட்டுவது என்றால் என்னவென்று தெரியாதா? நீயே உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாயே.

முந்நூறு ஏக்கர் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். உங்கள் வயலா, என் வீடா என்று வந்தபோது என் வீட்டைப் பார்த்தேன். உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் சொன்னேன். நீ என்னை நம்பினாய், நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

உன் கை என்ன செய்யும்? சொன்னதைச் செய்தது. உன் அப்பா வயிறு எரிந்து விட்ட சாபம் அந்தப் பெண்ணுக்கு இல்லை, சொன்னவனுக்கு. யாரோ ஒருவன் சொல்லித்தான் அவள் செய்தாள் என்று அவரிடம் சொல். கட்டாயம் சொல். இன்றைக்கே சொல்.

தண்ணீர் குடி.

அல்லா பிச்சை


கீழச்செம்மங்கரை
17.12.2024

மொபைல் கடை அல்லா பிச்சை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். வேறு ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. கொங்காணிப் பெண்ணுக்குத் தெரிந்தவர் ஒருவர், அவள் மிகவும் நம்பியவர், சொல்லித்தான் அவள் செய்தாளாம், ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். நடக்க எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கிறது, பயிர் அழுகின நாற்றம். என்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போய், அன்று நின்ற அதே இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"அந்தப் புள்ள மேல போட்டத நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். அது என்னா பண்ணும், சின்னப் புள்ள, பெரியவன் சொன்னான், செஞ்சுச்சு. அது நல்லா இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் இன்னொரு பிடி எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். "சொன்னவன் தண்ணிக்குத் தவிக்கட்டும். அவனும், அவன் புள்ளகுட்டியும்..." என்று தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை என்ன செய்தது அப்பா, சொன்னவனோடு நிறுத்துங்கள் என்றேன். சரி என்று, உங்களோடு நிறுத்திக்கொண்டார். மண்ணைத் தூற்றினார். நீ சொல்லு தாயி என்றார். நானும் என் வாயால், ஆமாம், அப்படியே ஆகட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சொம்பு கொடுத்தாள். குடித்தேன். இறங்கியது. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார், அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அடுத்த மழைக்கு யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்துகொள்வேன். இனிமேல் ரெத்தினம் அண்ணனிடம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். வாங்க மாட்டேன்.

கோ. குந்தவை